ஒரு ஷில்லிங் பயணச்சீட்டு: தாமஸ் குக்கின் வாழ்க்கை

ஊர் காணும் இன்பம் செல்வர்க்கே உரியது என்றிருந்த காலம் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் உயர்குடி இளைஞர்கள் ஆசிரியரும் பணியாளரும் உடன்வர ஐரோப்பாவைச் சுற்றி வந்தார்கள். ஆலைத் தொழிலாளிக்கோ அடுத்த நகரமே அயல்நாடாக இருந்தது. உழைப்பு, உறக்கம், எஞ்சிய பொழுதுக்கு மதுக்கடை என்று அவன் வாழ்வு அடங்கிப்போயிற்று. அந்த வேலியை உடைத்தவர் ஓர் அரசரோ அமைச்சரோ அல்லர். பள்ளிப் படிப்பைப் பத்து வயதில் விட்ட ஒரு தச்சர். உலகெங்கும் கிளை விரித்த ஒரு குடும்ப நிறுவனத்தை அவர் கண்டார். பின்னர் அந்நிறுவனத்திலேயே தமக்கு இடமின்றிப் போனதையும் கண்டார். தாமஸ் குக்கின் வரலாற்றில் இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

1808ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 22ஆம் நாள், டார்பிஷயரைச் சேர்ந்த மெல்பர்ன் என்னும் சிற்றூரில் எளிய குடும்பமொன்றில் அவர் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். பத்து வயதில் தோட்டக்காரர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தபோது நாளொன்றுக்குக் கிடைத்த கூலி ஒரு பென்னி. பதினான்காம் வயதில் உறவினர் ஒருவரிடம் மரச்சாமான் செய்யும் தொழில் பழகினார். தொழிலைவிட அவர் நெஞ்சைப் பற்றியது சமயம். பாப்டிஸ்ட் திருச்சபையின் ஊர்சுற்றும் ஊழியராக 1828இல் புறப்பட்டார். அடுத்த ஓராண்டில் மட்டும் ஏறக்குறைய 2,700 மைல் பயணம் செய்தார். அதில் 2,000 மைலுக்கு மேல் கால்நடையாகவே சென்றார். வழிப்பயணத்தின் களைப்பையும் களிப்பையும் கால்களால் கற்றவர் அவர்.

1833இல் மேரியன் மேசன் என்னும் அம்மையாரை மணந்து மார்க்கெட் ஹார்பரோ நகரில் குடியமர்ந்தார். மதுவை அறவே விலக்குவதாக உறுதி எடுத்துக்கொண்டதும் அக்காலத்தில்தான். அடுத்த ஆண்டு மகன் ஜான் மேசன் பிறந்தான். தச்சுப் பட்டறையோடு அச்சுப் பணியும் சேர்ந்தது. மதுவிலக்குத் துண்டு வெளியீடுகளும் சிறுவர்க்கான மதுவிலக்கு இதழும் அவர் கையிலிருந்து வெளிவந்தன. குடிப்பவனைக் கண்டித்துப் பேசுவோர் அன்று பலர் இருந்தனர். மதுக்கடைக்குப் போகாதே என்றால் வேறெங்கே போவது என்ற ஏழையின் கேள்விக்கு விடை தேடியவர் சிலரே. குக் அச்சிலருள் ஒருவர்.

விடை 1841ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கிடைத்தது. மதுவிலக்குக் கூட்டமொன்றிற்காக ஹார்பரோவிலிருந்து லெஸ்டருக்குப் பதினைந்து மைல் நடந்து போகையில், புதிதாக வந்திருந்த புகைவண்டியை இயக்கப் பணிக்குப் பயன்படுத்தலாமே என்ற எண்ணம் உதித்தது. மிட்லண்ட் கவுண்ட்டீஸ் ரயில்வே நிறுவனத்தாரிடம் பேசித் தனி வண்டி ஒன்றை ஏற்பாடு செய்தார். ஜூலை 5ஆம் நாள் ஏறக்குறைய ஐந்நூறு பேர் லெஸ்டரிலிருந்து பன்னிரண்டு மைல் தொலைவிலுள்ள லஃப்பரோவுக்குச் சென்று திரும்பினர். கட்டணம் ஒரு ஷில்லிங். கூரையற்ற பெட்டிகள், உடன் வாத்தியக் குழு, போன இடத்தில் தேநீரும் விளையாட்டும் சொற்பொழிவும். ஏழு வயது ஜானும் அக்கூட்டத்தில் இருந்தான். புகைவண்டியில் கூட்டமாகப் போவது அதற்கு முன்பும் நிகழ்ந்ததுதான். ஆயினும் ஏழையை அழைத்துப்போய், வழியெல்லாம் அவனுக்குப் பொறுப்பேற்று, மீண்டும் அவன் வீட்டில் சேர்ப்பதையே வாழ்நாள் தொழிலாக்கியவர் குக் ஆவார்.

தொடக்கத்தில் இப்பயணங்களால் அவர் பொருள் ஈட்டவில்லை. 1845இல் லிவர்பூலுக்கு நடத்திய பயணமே வருவாயை நோக்கிய முதல் முயற்சி. வழித்தடம் முழுவதையும் தாமே முன்கூட்டிப் பார்த்து வந்து, பயணிகளுக்கெனக் கையேடு ஒன்றும் அச்சிட்டார். மறு ஆண்டு ஸ்காட்லாந்துப் பயணத்தில் பல தொல்லைகள் நேர்ந்தன; வழியில் தருவதாகச் சொன்ன தேநீரும் கிடைக்காமற் போயிற்று. அதே 1846இல் அவர் கடனில் மூழ்கி நொடித்தும் போனார். ஆயினும் தளரவில்லை. 1851இல் லண்டனில் மாபெரும் கண்காட்சி நடந்தபோது, மத்திய இங்கிலாந்தின் உழைப்பாளர் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோரை அங்கே அழைத்துச் சென்றார். வாரந்தோறும் சிறு தொகை சேமிக்கும் சங்கங்கள் தொழிலாளரிடையே அமைந்தன. பதினேழு வயது ஜான் ஊர் ஊராகச் சென்று சீட்டு விற்றான். ‘எக்ஸ்கர்ஷனிஸ்ட்’ என்னும் இதழும் அவ்வாண்டே தொடங்கியது. லெஸ்டரில் மது பரிமாறாத விடுதி ஒன்றைக் குடும்பம் நடத்தியது. அதன் சுமையைத் தாங்கியவர் மேரியன் அம்மையார்.

1862இல் ஸ்காட்லாந்துப் புகைவண்டி நிறுவனங்கள் சலுகைச் சீட்டுகளை நிறுத்தின. ஒரு கதவு அடைபடவே குக் கடல் கடந்தார். 1863இல் சுவிட்சர்லாந்து, மறு ஆண்டு இத்தாலி. ஆண் துணையின்றி வெளியூர் செல்லத் தயங்கிய பெண்கள் அவருடைய குழுவில் அச்சமின்றிச் சேர்ந்தனர். அம்முதல் சுவிஸ் பயணத்தில் சென்ற யார்க்ஷயர்ப் பெண்மணி ஜெமைமா மாரெல் நாட்குறிப்பு ஒன்று எழுதி வைத்தார். இரண்டாம் உலகப்போரின் இடிபாடுகளுக்கிடையே கண்டெடுக்கப்பட்ட அக்குறிப்பு பின்னர் நூலாயிற்று. எழுத்தாளர் என்று பெயர் பெறாத ஒருவர் மலையையும் பனியையும் கண்டு எழுதிய அந்நூல், குக்கின் பயணச்சீட்டு இலக்கியத்திற்கு அளித்த கொடை எனலாம்.

ஆனால் எழுத்துலகம் அவரை முழுமனத்தோடு வரவேற்கவில்லை. 1865இல் சார்ல்ஸ் லீவர் என்னும் நாவலாசிரியர், ஆஸ்திரேலியா ஏற்க மறுத்த குற்றவாளிகளையே குக் இத்தாலியில் கொண்டுவந்து விடுகிறார் என்று புனைபெயரில் எழுதி எள்ளி நகையாடினார். கலைச் செல்வங்களைக் காணும் தகுதி கடைக்காரனுக்கும் கணக்கனுக்கும் உண்டா என்பதே அந்த ஏளனத்தின் உட்பொருள். குக் இதைச் சிரித்து விடவில்லை. வெளியுறவு அமைச்சர் வரை முறையிட்டார். அழகு ஒரு வகுப்பாரின் தனியுடைமை அன்று என்பதில் அவருக்கு ஐயமே இல்லை.

1865இல் லண்டன் ஃபிளீட் தெருவில் அலுவலகம் திறக்கப்பட்டது. இடையில் புகைவண்டி நிறுவனத்திலும் சொந்த அச்சகத்திலும் உழைத்திருந்த ஜான், தந்தையோடு முழுமையாக வந்து சேர்ந்தார். 1868 முதல் விடுதிக் கூப்பன்கள் வழங்கப்பட்டன. பின்னாளில் பயணக் காசோலைக்கு முன்னோடியான சீட்டுகளும் புழக்கத்திற்கு வந்தன. 1869இல் நைல் ஆற்றில் நீராவிப் படகும், பாலஸ்தீனத்தில் குதிரைகளும் கூடாரங்களுமாக முதல் கீழைநாட்டுப் பயணம் நடந்தது. விவிலியத்தை மனப்பாடமாகக் கற்றவருக்கு அது தீர்த்தயாத்திரையே ஆயிற்று. 1871இல் நிறுவனம் ‘தாமஸ் குக் அண்ட் சன்’ என்று பெயர் கொண்டது. 1872 செப்டம்பரில் புறப்பட்டு அமெரிக்கா, ஜப்பான், சீனா, இந்தியா வழியாக 222 நாள்களில் உலகை வலம்வந்தபோது குக்கின் வயது அறுபத்து நான்கு.

பெயர்ப்பலகையில் தந்தையும் மகனும் இணைந்திருந்தார்கள், உள்ளத்தில் அவ்வாறில்லை. பயணம் என்பது அறப்பணியின் ஒரு கிளை என்பது தந்தையின் கொள்கை. பஞ்சக் காலத்தில் உருளைக்கிழங்கை மலிவாக விற்றவர். அயோனாத் தீவின் ஏழை மீனவர்க்குப் படகு வாங்கத் தம் பயணிகளிடமே நிதி திரட்டியவர். வணிகத்தில் சமயத்தையும் தருமத்தையும் கலப்பது கேடு என்பது மகனின் கொள்கை. மகனைக் கொடியவர் என்று ஒதுக்கிவிட இயலாது. பதினேழு வயது முதல் உழைத்தவர் அவர். தந்தையின் கைநொடிப்பைச் சிறுவனாக இருந்தபோதே கண்டவர். கணக்கு நேராக இல்லாவிடில் அறமும் கடனில் முடியும் என்பதை அந்த வீடு அவருக்குக் கற்றுத் தந்திருந்தது. பூசல் முற்றி, 1870களின் இறுதியில் தந்தை நிறுவனத்தைவிட்டு ஒதுங்கினார்.

லெஸ்டரில் தாம் கட்டிய ‘தார்ன்கிராஃப்ட்’ இல்லத்தில் அவர் அமைதி நாடினார். அமைதி கிட்டவில்லை. 1880 நவம்பரில் ஒரே மகள் ஆனி, குளியலறையில் வெந்நீர்க் கருவியின் நச்சுவாயு தாக்கி நீரில் மூழ்கி இறந்தார் என்று கருதப்பட்டது. நான்கு ஆண்டுகளில் மேரியன் அம்மையாரும் மறைந்தார். பின்னர் குக்கின் கண்பார்வையும் மங்கி அவிந்தது. உலகத்தார்க்கு ஊர் காட்டியவர் தம் வீட்டு வாசலையும் காண இயலாதவரானார்.

நிறுவனமோ ஓங்கி வளர்ந்தது. 1881இல் பம்பாயில் அதன் அலுவலகம் திறக்கப்பட்டது. 1884இல் கார்ட்டூமில் முற்றுகையிடப்பட்ட தளபதி கார்டனை மீட்கச் சென்ற ஏறத்தாழ 18,000 படைவீரரை நைல் ஆற்றின் வழியே கொண்டு சென்றதும் அதுவே. 1880களின் நடுவில் இந்தியாவிலிருந்து மெக்கா செல்லும் பயணிகளுக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பும் அதனிடம் வந்தது. தேநீர் அருந்தப் போன தொழிலாளர் கூட்டத்தில் தொடங்கிய முயற்சி, பேரரசின் படையை ஏற்றிச்செல்லும் கருவியாயிற்று. அதை வளர்ச்சி என்பதா, விலகல் என்பதா என்பது காண்போர் கருத்தைப் பொறுத்தது. 1891இல் நிறுவனத்தின் பொன்விழா லண்டனில் சிறப்பாக நடந்தது. எண்பத்திரண்டு வயது நிறுவனர் அவ்விழாவில் இல்லை.

அந்நாள்களில் அவர் கருத்து வேறோர் இடத்தில் ஊன்றியிருந்தது. பிறந்த ஊராகிய மெல்பர்னில் ஏழைகளுக்கென பதினான்கு சிறு வீடுகளும் ஒரு வழிபாட்டுக் கூடமும் கட்டுவித்தார். ஊர்விட்டு ஊர் அழைத்துச் சென்றவரின் கடைசிப் பணி, ஏழை ஒரே இடத்தில் நிம்மதியாகத் தங்கி வாழ வழிசெய்ததே. 1892 ஜூலை 18ஆம் நாள் லெஸ்டரில் அவர் காலமானார். மனைவியும் மகளும் துயிலும் வெல்ஃபர்ட் சாலை இடுகாட்டில் அவரும் அடக்கம் செய்யப்பட்டார்.

ஜான் 1899இல் மறைந்தார். அவருடைய மக்கள் 1928இல் நிறுவனத்தை அயலாருக்கு விற்றனர். மூன்று தலைமுறைக் குடும்ப உடைமை அத்துடன் முடிந்தது. பின்னர் அரசுடைமையாகவும் மீண்டும் தனியுடைமையாகவும் கைமாறிய அப்பிரித்தானிய நிறுவனம், 2019 செப்டம்பர் 23ஆம் நாள் கடன் சுமையால் வீழ்ந்தது. அன்று வெளிநாடுகளில் இருந்த அதன் பிரித்தானியப் பயணிகள் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர். அழைத்துச் சென்றவரைத் திரும்ப வீடு சேர்ப்பது என்ற குக்கின் முதற்கடமையை அரசே ஏற்று நிறைவேற்ற வேண்டியதாயிற்று.

ஆயினும் அவர் கண்ட முறை வீழ்ந்துவிடவில்லை. ஒரே கட்டணம் செலுத்தி, வழிகாட்டி ஒருவர் உடன்வர, உணவும் உறைவிடமும் முன்னரே அமைய, முன்பின் அறியாதோர் ஒரே வண்டியில் கூடிச் செல்லும் ஒவ்வொரு சுற்றுலாவும் அந்த ஒரு ஷில்லிங் பயணத்தின் வழித்தோன்றலே. மெல்பர்னில் அவர் கட்டுவித்த வீடுகளும் இன்றும் நிற்கின்றன. மகன் வளர்த்த நிறுவனம் சரிந்துவிட்டது. தந்தை எழுப்பிய எளிய சுவர்கள் எஞ்சியிருக்கின்றன.