கொரியா யாருக்குச் சொந்தம்? ஒப்பந்தங்களால் வேலி போடப் பார்த்த லீ ஹோங்ஜாங்... கடைசியில் நடந்தது என்ன?

1895 மார்ச் 24. ஜப்பானின் ஷிமோனோசெகி துறைமுக நகரம். அன்றைய சமாதானப் பேச்சு முடிந்து, 72 வயது முதியவர் ஒருவர் பல்லக்கில் தங்குமிடம் திரும்பிக்கொண்டிருந்தார். கூட்டத்திலிருந்து பாய்ந்து வந்த ஜப்பானிய இளைஞன் துப்பாக்கியால் சுட்டான். குண்டு இடது கண்ணுக்குக் கீழே கன்னத்தில் இறங்கியது.

சுடப்பட்டவர் லீ ஹோங்ஜாங். கால் நூற்றாண்டாகச் சீனாவின் வெளிநாட்டு விவகாரங்களில் முக்கிய முகமாக இருந்தவர். அவரை அந்த நகரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது ஒரே ஒரு கேள்விதான்: கொரியா தனி நாடா, இல்லை சீனாவுக்குக் கட்டுப்பட்டதா?

யார் இந்த லீ ஹோங்ஜாங்?

1823-ல் சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில் பிறந்தவர். 1847-ல், 24 வயதிலேயே, பேரரசின் மிக உயர்ந்த அரசுத் தேர்வில் தேறினார். நாட்டை உலுக்கிய தைப்பிங் கிளர்ச்சியை அடக்க, சொந்த ஊர்ப் பகுதியிலிருந்து ஹுவாய் படையைத் திரட்டிப் பேர் வாங்கினார்.

1870-ல் தலைநகர் பெய்ஜிங்கைச் சுற்றியுள்ள ஜிலி மாகாணத்தின் ஆளுநர் பொறுப்பு வந்தது. தியான்ஜினில் உட்கார்ந்தபடியே வெளிநாட்டுத் தூதர்களோடு பேரம் பேசுவதும் அவர் வேலையானது. 1872-ல் சீனாவின் முதல் நவீன நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கவைத்தார். பெய்யாங் கடற்படையையும் உருவாக்கினார்.

சரி, கொரியாவில் என்ன பிரச்னை?

கொரிய மன்னர்கள் பல நூற்றாண்டுகளாகச் சீனப் பேரரசருக்குத் திறை செலுத்திவந்தார்கள். ஆனா, உள்ளூர் ஆட்சியில் சீனா பெரும்பாலும் தலையிட்டதில்லை. மேலே சீனா, உள்ளே சுயாட்சி. இந்த ஏற்பாடு கிழக்காசியாவில் எல்லோருக்கும் புரிந்தது. ஐரோப்பியச் சட்டத்துக்குத்தான் புரியவில்லை. ஒரு நாடு ஒன்று சுதந்திர நாடாக இருக்கணும், இல்லைன்னா அடங்கிய நாடாக இருக்கணும் என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் குழப்பத்தில்தான் ஜப்பான் புகுந்தது. 1876-ல் போர்க்கப்பல்களைக் காட்டி மிரட்டி, கொரியாவோடு கங்வா ஒப்பந்தம் போட்டது. பூசான் உள்ளிட்ட துறைமுகங்களில் வர்த்தகம் செய்ய உரிமை கிடைத்தது. அதைவிடப் பெரிய விஷயம் முதல் ஷரத்தில் இருந்தது. கொரியா ஜப்பானுக்குச் சமமான, தன்னாட்சி கொண்ட நாடு என்றது அது. கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் சீனாவைக் கொரியாவிலிருந்து கழற்றிவிடும் முதல் திருகு அதுதான்.

1879-ல், சீனாவுக்குத் திறை கட்டிவந்த இன்னொரு நாடான ரியூக்யூ தீவுகளை ஜப்பான் அப்படியே விழுங்கி, ஒகினாவா மாகாணம் ஆக்கியது. அமெரிக்க முன்னாள் அதிபர் கிராண்டை மத்தியஸ்தம் பேசவைத்தார் லீ. பலனில்லை. அடுத்தது கொரியாதான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

லீ போட்ட கணக்கு

படையை வைத்து ஜப்பானைத் தடுக்கும் தெம்பு சீனாவுக்கு இல்லை. அதனால் மேற்கத்திய நாடுகளையும் கொரியாவுக்குள் வர்த்தகத்துக்கு அழைப்போம், நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒருத்தர் மட்டும் கொள்ளையடிக்க முடியாது என்பதுதான் லீயின் யோசனை.

1882-ல் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஷூஃபெல்ட்டோடு கொரியாவுக்காகப் பேரம் பேசியதே லீதான். அதுவும் கொரியாவில் இல்லை, தியான்ஜினில். சீனா பட்ட அடிகளின் பாடம் அந்த ஒப்பந்தத்தில் தெரியும். சீனாவுக்கு வரும் சரக்குக்குப் பொதுவாக 5 சதவீத வரிதான் விதிக்க முடிந்தது. கொரியாவுக்கு, சாதாரணப் பொருட்களுக்கு 10, ஆடம்பரப் பொருட்களுக்கு 30 சதவீதம் வரை என்று எழுதவைத்தார். அபின் வியாபாரத்துக்கு முழுத் தடை.

ஆனால் அவர் ரொம்ப விரும்பிய ஒரு வரி மட்டும் ஏறவில்லை. கொரியா சீனாவைச் சார்ந்த நாடு என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொன்னார். ஷூஃபெல்ட் மறுத்துவிட்டார். கடைசியில் கொரிய மன்னர் அமெரிக்க அதிபருக்குத் தனிக் கடிதம் ஒன்றில் அதைச் சொல்வதோடு முடிந்தது. அதே ஆண்டு சீனா கொரியாவோடு தனி வர்த்தக விதிகளைப் போட்டு, அதில் கொரியாவைத் தன் திறை நாடு என்றே எழுதிக்கொண்டது. ஒரே நாடு, ஒரு தாளில் சமம், இன்னொரு தாளில் அடக்கம்.

போர் வெடித்தது எப்படி?

1884-ல் சியோல் அரண்மனையில் நடந்த கலகத்தில் சீன, ஜப்பானியப் படைகள் மோதிக்கொண்டன. 1885-ல் ஜப்பானின் இட்டோ ஹிரோபூமியோடு தியான்ஜினில் லீ ஓர் உடன்பாடு செய்தார். இரு தரப்பும் படையை விலக்கணும், மறுபடி அனுப்பினால் முன்கூட்டியே தகவல் சொல்லணும். அதாவது, கொரியாவுக்குள் படை அனுப்பும் விஷயத்தில் ஜப்பானையும் சீனாவுக்கு இணையாக அவரே ஏற்றுக்கொண்டார்.

1894-ல் தோங்ஹாக் விவசாயிகள் கிளர்ச்சி வெடித்தது. கொரிய மன்னர் உதவி கேட்க, சீனப் படை போனது. ஜப்பானும் பெரும்படையை இறக்கி அரண்மனையைக் கைப்பற்றியது. சில மாதங்களில் லீயின் கடற்படை சின்னாபின்னமானது. அவருடைய பதவி மரியாதைகளைப் பறித்த அரசவை, சமாதானம் பேசவும் அவரைத்தான் அனுப்பியது.

துப்பாக்கிச் சூடு உலக அளவில் ஜப்பானுக்குத் தலைகுனிவு ஆனது. அதுவரை கடும் நிபந்தனைகள் இல்லாமல் போர்நிறுத்தம் கிடையாது என்றவர்கள், உடனே சம்மதித்தார்கள். முதலில் கேட்ட 30 கோடி டேல் இழப்பீடும் முடிவில் 20 கோடியானது. ஒரு டேல் என்பது சுமார் 37 கிராம் வெள்ளி.

ஏப்ரல் 17-ல் கையெழுத்து. தைவானும் பெஸ்கடோர்ஸ் தீவுகளும் ஜப்பானுக்குப் போயின. ஒப்பந்தத்தின் முதல் ஷரத்தே, கொரியாவின் முழுச் சுதந்திரத்தைச் சீனா ஏற்கிறது என்பதுதான். 1876-ல் போட்ட திருகு, 19 ஆண்டுகளில் வேலையை முடித்தது.

அதன் பிறகு?

1896-ல் ரஷ்யா போன லீ, ஜப்பானுக்கு எதிராக ஒரு ரகசிய உடன்பாடு செய்தார். பதிலுக்கு மஞ்சூரியா வழியே ரஷ்ய ரயில் பாதை வந்தது. 1901 செப்டம்பரில், பாக்சர் கிளர்ச்சிக்குப் பிந்தைய ஒப்பந்தத்திலும் அவர் கையெழுத்துதான். இழப்பீடு 45 கோடி டேல். இரண்டு மாதங்களில், நவம்பர் 7-ம் தேதி, 78 வயதில் இறந்தார். நாட்டை விற்றவர் என்று திட்டியவர்கள் உண்டு. தோற்ற நாட்டுக்காக வேறு யார் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்பவர்களும் உண்டு.

சுதந்திரம் கிடைத்த கொரியா என்ன ஆனது? சீனத் தூதர்களை வரவேற்ற வாசல் இருந்த இடத்தில், 1897-ல் சியோலில் சுதந்திர வாசல் எழுப்பப்பட்டது. இன்றும் அது நிற்கிறது. 1905-ல் கொரியாவின் வெளியுறவு உரிமையை ஜப்பான் எடுத்துக்கொண்டது. 1910-ல் நாட்டையே இணைத்துக்கொண்டது. கொரியா சமமான நாடு என்று முதலில் எழுதிக் கையெழுத்துப் போட்டதும் இதே ஜப்பான்தான்.