வில்லியம் நைலாண்டர்

பாறையிலும் மரப்பட்டையிலும் சாம்பல் நிறமாய் ஒட்டிக்கிடக்கும் கற்பாசியை நாம் ஏறெடுத்தும் பாராமற் கடந்து செல்கின்றோம். நம் அடுக்களையில் மசாலைக்குச் சேரும் கற்பாசியும் அவ்வினத்ததே. அற்பமெனத் தோன்றும் இதற்கே தம் ஆயுளை அளித்தவர் வில்லியம் நைலாண்டர்.

இவர் 1822-ஆம் ஆண்டில் பின்லாந்து தேசத்து ஔலு நகரிற் பிறந்தார். வைத்தியம் பயின்று 1847-இல் பட்டம் பெற்றும், அவர் மனம் அத்தொழிலில் நில்லாது முதலில் எறும்புகளிடமும், பின்னர்க் கற்பாசிகளிடமும் சென்றது. 1857-இல் ஹெல்சிங்கிச் சர்வகலாசாலையின் முதல் தாவர சாஸ்திரப் பேராசிரியரானார். ஆறே ஆண்டுகளில் அப்பதவியைத் துறந்து பாரிஸ் சேர்ந்தார்.

அக்காலத்தில் கற்பாசிகளை வடிவங்கொண்டே வகுத்தனர். இரட்டையர்போல் ஒத்த இரண்டை வேறு பிரிப்பதெங்ஙனம்? 1866-இல் நைலாண்டர் ஒரு வழி கண்டார். பொட்டாஷ் காரநீரில் ஒரு துளி இட்டால், சுவர்களிற் படரும் மஞ்சட் கற்பாசி கருஞ்சிவப்பாகும். வெளுப்புச் சுண்ணக் கரைசலை இட்டால், அவர் ஒலிவெட்டோரம் எனப் பெயரிட்ட இனத்தின் உட்சதை சிவக்கும். அதனை அச்சாய் ஒத்த செட்ராரியாய்டெஸ் என்பதோ நிறம் மாறாது. கண்ணுக்கு ஒன்றாய் நின்றவை ஒரு துளியால் இரண்டாயின. நிறத்தை நம்பி இனம் பிரிப்பதா என்று சிலர் இகழ்ந்தனர். அவரும் விட்டுக்கொடுப்பவரல்லர்; நண்பர் பலரைப் பகைத்துக்கொண்டார்.

இத்துணைக் கூரிய கண்ணினர் ஒன்றை மட்டும் காண மறுத்தார். கற்பாசி தனியுயிரன்று, காளானும் பச்சைப்பாசியும் கூடி வாழும் குடும்பம் என்று ஸ்விட்சர்லாந்து அறிஞர் ஷ்வெண்டெனர் 1867-இல் அறிவித்தார். நைலாண்டர் அதனை வன்மையாய் மறுத்தார். 1899-இல் பாரிஸில் இறக்குமளவும் மனம் மாறவில்லை. வயது முதிர்ந்து, துணையின்றி, தாம் தவறென்று கருதிய கொள்கை உலகெங்கும் வெல்வதைக் கண்டிருந்த அவர் நிலை இரங்கத்தக்கதே. அவர் சேர்த்த கற்பாசித் தொகுதி ஹெல்சிங்கியில் உள்ளது.

மரபணு ஆராய்ச்சி பிற்காலத்தது. தாம்னோலியா என்னும் வெண்ணிறக் கற்பாசியில் இரசாயனப் பிரிவும் மரபணு வழியும் ஒத்து வரவில்லை. ஆயின் ஒலிவெட்டோரம் சேர்ந்த குலத்தை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டோர், அவ்விரண்டும் ஒத்திருக்கக் கண்டனர். துளி சொன்னது அங்கு மெய்யாயிற்று. அவர்கள் ஒப்புநோக்கிய மரபணுக்களோ, நைலாண்டர் கடைசிவரை ஒப்புக்கொள்ளாத அந்தக் காளானுடையவை.