சேரிப் பாட்டைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனவர்

சிவகங்கை மாவட்டம் இளையான்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது மாரந்தை. கே.ஏ.குணசேகரன் 1955 மே 12-இல் பிறந்தது அங்கேதான். வறுமையான வீடு. இளையான்குடியில் முஸ்லிம் குடும்பங்களோடு உறவுமுறை சொல்லிப் பழகிய சிறுவனுக்கு, சுற்றுக் கிராமங்களுக்குப் போகும்போதுதான் சாதி நினைவூட்டப்பட்டது. பள்ளியிலோ உதவித்தொகைக்காகச் சாதிப் பெயரைச் சொல்லி எழுந்து நிற்க வைத்தார்கள். அந்தக் கூச்சத்தைப் பின்னாளில் ஒளிக்காமல் எழுதினார். 2005-இல் வெளிவந்த அந்தத் தன்வரலாற்றின் பெயர் 'வடு'. சின்னப் புத்தகம்தான். ஆனால், தமிழின் முக்கியமான தலித் தன்வரலாறுகளில் ஒன்று அது. ஆங்கிலத்திலும் வந்திருக்கிறது.

அவருக்கு வாய்த்த சொத்து குரல். தமிழ் படித்து, நாட்டுப்புறப் பாடல்களை ஆராய்ந்து முனைவர் ஆனார். வயற்காட்டுப் பாட்டையும் ஒப்பாரியையும் சேகரித்து ஏட்டில் பூட்டிவைக்கும் ஆய்வாளர்கள் நிறையப் பேர் உண்டு. இவர் அவற்றைப் பாடவும் செய்தார். 'தன்னானே' கலைக்குழுவைத் தொடங்கி ஊரூராகப் போனார். 'மனுசங்கடா' பாட்டை அவருடையது என்றே பலர் இன்றும் நினைக்கிறார்கள். எழுதியவர் கவிஞர் இன்குலாப். சேரித் தெருவரை கொண்டுபோய்ச் சேர்த்தது குணசேகரனின் குரல். சாவு வீட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட பறை, அவர் போன்றவர்களின் மேடைகளில் உரிமை கேட்கும் இசையானது.

புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராக இருந்து, அதற்குத் தலைமையும் ஏற்றார். 1990களின் தொடக்கத்தில் வந்த அவருடைய 'பலி ஆடுகள்' நாடகத்தைத் தமிழின் முதல் தலித் நாடகம் என்கிறார்கள். ஊரார் சேரிக்குச் செய்யும் கொடுமையோடு அந்த நாடகம் நிற்கவில்லை. ஒடுக்கப்பட்டவன் வீட்டுக்குள்ளேயே பெண் ஒடுக்கப்படுவதையும் மேடைக்குக் கொண்டுவந்தது. சொந்தச் சனத்தைப் பார்த்து அப்படிக் கேட்கத் துணிச்சல் வேண்டும்.

நாட்டுப்புறவியல் என்ற பொதுப்பெயரில் சேரி மறைந்துபோகிறது என்று கருதியவர் அவர். அதனால் 'சேரிப்புறவியல்' என்றே ஒரு நூலுக்குப் பெயர் வைத்தார். 'தலித் அரங்கியல்' இன்னொன்று. நாடகம் படிக்கும் மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டியவை இவை. சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர் பதவியும் அவரைத் தேடி வந்தது. அந்த நாற்காலியில் இருந்தபோதும் அவர் பாடுவதை விடவில்லை.

2016 சனவரி 17-இல் புதுச்சேரியில் காலமானார். வயது 60. 'மனுசங்கடா' எழுதிய இன்குலாப்பும் அதே ஆண்டு டிசம்பரில் மறைந்தார்.