பண்டித ரமாபாய் அம்மா

ஸ்திரீ ஆண்களுக்குப் போதிக்கலாமா என்று நம்ம பாலசமுத்திரத்துச் சகோதரிமார் கேட்கிறதுண்டு. ரமாபாய் அம்மாவையும் இந்தக் கேள்விதான் மறித்தது.

1858-ல் பிராமண வீட்டில் பிறந்தவர். பெண்ணுக்கு சமஸ்கிருதம் கூடாதென்ற காலத்திலே தகப்பனார் தன் மனைவிக்கே கற்றுக்கொடுத்தார். அந்தத் தாயாரிடம் மகள் படித்தார். 1882-ல் கைக்குழந்தையோடு விதவையானார்.

அடுத்த வருஷம் இங்கிலாந்து போனார். லண்டனில் வழிதவறின பெண்களை கிறிஸ்தவ சகோதரிகள் அருவருக்காமல் பராமரிக்கிறதைப் பார்த்து அசந்துபோனார். காரணம் கேட்டார். இயேசு சமாரிய ஸ்திரீயை நடத்தின விதத்தைச் சொன்னார்கள். அது போதும், 1883-லேயே ஞானஸ்நானம் பெற்றார்.

அங்கே வாலிபருக்குப் பாடம் சொல்ல வாய்ப்பு வந்தபோது, இந்தியாவில் ஊழியம் செய்த பிஷப்மார் கூடாதென்று தடுத்தார்கள். அம்மா சும்மா இருக்கவில்லை, பாருங்க. தன் மனச்சாட்சி கிறிஸ்துவுக்கே கட்டுப்பட்டது என்று கடிதங்களில் வாதாடினார்.

1896 பஞ்சத்திலே நூற்றுக்கணக்கான பெண்பிள்ளைகளைக் காப்பாற்றினார். பூனா பக்கம் கேட்காவில் அவர்களுக்காக முக்தி மிஷன் உண்டானது. 1905-ல் அங்கே எழுப்புதல் இறங்கினது யார்மேல்? ஊர் தள்ளின அந்த விதவைகள்மேலும் அனாதைகள்மேலும்தான்! அவர்களே கிராமங்களுக்குப் போய் சுவிசேஷம் சொன்னார்கள்.

அம்மா எபிரெயு, கிரேக்கு கற்று வேதாகமத்தை மராத்தியில் மொழிபெயர்த்தார். அச்சு வேலையும் அந்தப் பெண்களுடையதே. மொழிபெயர்ப்பை முடித்த கையோடு, 1922 ஏப்ரல் 5-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.