அகதியாக வந்தவர் அமைத்த சிறு கார்

1922ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், இன்று துருக்கியின் இஸ்மிர் என வழங்கும் ஸ்மேர்ணாத் துறைமுக நகரைத் துருக்கியப் படைகள் கைப்பற்றின. சில நாட்களில் நகரின் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று. பிரித்தானியக் கடற்படை தன் நாட்டுக் குடியுரிமை பெற்றோரைக் கப்பலேற்றி மோல்ற்றாத் தீவுக்குக் கொண்டு சென்றது. அவ்வாறு சென்ற குடும்பங்களுள் ஒன்று கடற்கல இயந்திரத் தொழிற்சாலை நடத்திய கிரேக்கர் ஒருவருடையது. தொழிற்சாலையும் வீடும் அங்கேயே விடப்பட்டன. நோயுற்றிருந்த தந்தை அடுத்த ஆண்டு மோல்ற்றாவிலேயே காலமானார். ஜேர்மனிய வழிவந்த தாயும், பதின்ம வயதைத் தாண்டாத ஒரே மகனும் லண்டன் வந்து சேர்ந்தனர். அந்த மகனே பின்னாளில் மினி காரை அமைத்த அலெக் இஸிகோனிஸ்.

லண்டன் பற்றர்சீ தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் பயின்ற அவர் கணிதப் பரீட்சையில் மூன்று தடவை தோற்றார். பட்டம் கிட்டவில்லை, டிப்ளோமாவே மிஞ்சியது. ஒரு காலத்தில் பல்கலைக்கழகத்தில் விடைத்தாள் திருத்தியவர்கள் என்ற முறையில் இச்செய்தியை நாம் சற்றுக் கூச்சத்துடனேயே எழுதுகிறோம். கணக்கில் தோற்றவர் கையால் வரைவதில் வல்லவர். அவர் நினைத்த காரின் வடிவம் முதலில் ஒரு தாளில் கோட்டுச் சித்திரமாகவே பிறக்கும். கணக்குகளை மற்றவர்கள் பின்னர் பார்த்துக்கொள்வார்கள்.

1930களில் ஜோர்ஜ் டவ்சன் என்ற நண்பருடன் சேர்ந்து, ஓய்வு நேரங்களில் ஒரு பந்தயக் காரைக் கையாலேயே செய்தார். அதற்கு ஆண்டுகள் பல சென்றன. இயந்திரத்தின் வலுவைக் கூட்டுவதற்குச் செலவிட வசதியில்லாத நிலையில், எடையைக் குறைப்பதே வழி என்பதை அவர் கற்றுக்கொண்டது அந்தக் கொட்டகையில்தான் எனலாம்.

1936இல் ஒக்ஸ்போர்ட் அருகே கௌலியிலிருந்த மொரிஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். 1948இல் வெளிவந்த மொரிஸ் மைனர் அவர் ஆக்கமே. நம்மவருக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இலங்கையில் வைத்தியர் முதல் வாடகைக் கார்ச் சாரதி வரை வைத்திருந்த வண்டி அது. நாம் சிறுவராயிருந்த 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அரும்பொருளானபோது, காபுரேற்றருள் சில துளி பெற்றோலை விட்டு இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டப்பட்ட வண்டிகளுள் மொரிஸ் மைனரும் ஒன்று. பழைய இயந்திரங்களின் அமுக்க விகிதம் குறைவாயிருந்தமையால் அந்தப் புகையும் இருமலும் நிறைந்த ஓட்டம் சாத்தியமாயிற்று. ஒரு துளியும் வீணாகக்கூடாது என்பது அக்காலத்தில் எமது தெருக்களில் எவரும் எவருக்கும் கற்பிக்க வேண்டியிராத பாடம்.

பிரித்தானியர் அதே பாடத்தை 1956இல் படித்தனர். எகிப்து சுயெஸ் கால்வாயைத் தேசியமயமாக்க, அதைத் தொடர்ந்த போரில் கால்வாய் மூடப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் முதல் 1957 மே வரை பிரித்தானியாவில் பெற்றோல் பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டது. குமிழி போன்ற சின்னஞ்சிறு ஜேர்மன் வண்டிகள் லண்டன் வீதிகளில் பெருகின. அவற்றை அடியோடு வெறுத்தவர் பி.எம்.சி. நிறுவனத் தலைவர் லெனார்ட் லோர்ட். அவற்றை விரட்டக்கூடிய, நால்வர் அமரத்தக்க உண்மையான கார் ஒன்றை விரைவாக ஆக்கித் தருமாறு இஸிகோனிஸைப் பணித்தார். நிபந்தனை ஒன்றே: கையிலுள்ள இயந்திரத்தைத்தான் பயன்படுத்த வேண்டும்.

ஆகவே எரிபொருட் சிக்கனத்தை இயந்திரத்தில் தேட வழியில்லை. வண்டியின் உடலில்தான் தேட வேண்டியிருந்தது. இஸிகோனிஸ் இயந்திரத்தைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர்ப் பெட்டியை அதன் அடியில், ஒரே எண்ணெயில் இயங்குமாறு அமைத்தார். முன் சில்லுகளே வண்டியை இழுத்தமையால் பின்னச்சுக்குச் செல்லும் நீண்ட சுழல்தண்டும், அதற்காகத் தரையில் எழும் மேடும் இல்லாதொழிந்தன. மொத்த நீளம் 10 அடி. அதில் ஐந்தில் நான்கு பங்கு மனிதருக்கும் பொதிகளுக்கும். எடை ஏறக்குறைய 600 கிலோ. சோதனை வண்டிகள் தேவைக்கு மிஞ்சிய வேகத்தில் ஓடியதால், 948 கனசென்ரிமீற்றர் இயந்திரம் 848 ஆகக் குறைக்கப்பட்டது. 1959 ஓகஸ்ட் 26 அன்று மினி வெளிவந்தது. 100 கிலோமீற்றருக்கு 7 லீற்றர் அளவு பெற்றோல் அதற்குப் போதுமாயிருந்தது.

இதில் அவர் செய்ததெல்லாம் சிக்கனத்துக்கு உகந்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 10 அங்குலச் சிறு சில்லுகள் உள்ளே இடத்தை மிச்சப்படுத்தின. ஆனால் சில்லு சிறுக்கச் சிறுக்க உருளும்போது தோன்றும் தடை கூடும். பெட்டி போன்ற முகமோ காற்றைக் கிழிக்க ஏற்றதன்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகுவது. மணிக்கு 100 கிலோமீற்றரில் ஓடும் எந்தக் காரையும் 120இல் செலுத்தினால் அத்தடை 44 வீதம் கூடிவிடும். மினியின் சிக்கனம் நகர வீதிக்குரியது. நின்று நின்று புறப்படும் ஓட்டத்தில், ஒவ்வொரு தடவையும் எடையைத் தள்ளவே பெற்றோல் எரிகிறது; பிரேக்கை அழுத்தும்போதெல்லாம் அது வெப்பமாகி வீணாகிறது. 600 கிலோ வண்டிக்கு அங்கே இழப்புக் குறைவு. இன்றைய சிறு கார்கள் ஒரு தொன் அளவு எடையுடன் மினியைவிடக் குறைவாகக் குடிப்பது, இலத்திரனியல் முறையில் அளந்து விடப்படும் எரிபொருளாலும் காற்றுக்கிசைந்த உருவத்தாலும்.

நம்மவரின் பழைய சிறு கார்களுக்கும் இந்த நியாயமே பொருந்தும். பின்பெட்டியில் மாதக்கணக்கில் கிடக்கும் இரண்டு அரிசி மூட்டை, கூரையில் கழற்றாமல் விட்ட பொதிச்சட்டம், காற்றுக் குறைந்த ரயர் யாவும் பெற்றோல் குடிப்பவை. பனிக்கால அதிகாலையில் வேலைக்கு மூன்று கிலோமீற்றர் செல்லும் ஓட்டம் எல்லாவற்றிலும் மோசமானது. குளிர்ந்த இயந்திரம் செறிந்த கலவையைக் கேட்கும், அது சூடேறுமுன் வேலைத்தலம் வந்துவிடும்.

மினிக்குப் பின்னர் இஸிகோனிஸுக்கு அத்தகைய வெற்றி வாய்க்கவில்லை. பிடிவாதம் மிக்கவர், வசதியான ஆசனம் சாரதியைத் தூங்கவைக்கும் என்ற போக்குடையவர். 1960களின் இறுதியில், மினியிலும் நீளமும் எடையும் குறைந்து, உள்ளே இடம் கூடி, முற்றிலும் புதிய இலேசான இயந்திரம் கொண்ட 9எக்ஸ் என்ற காரை ஆக்கினார். எமது கணிப்பில் அவருடைய சிந்தனையின் உச்சம் அதுவே. ஆனால் 1968இல் நிறுவனங்கள் இணைந்து பிரிட்டிஷ் லேலண்ட் உருவானபோது, புதிய நிர்வாகம் அதைக் கிடப்பில் போட்டது. 1969இல் அவருக்கு சேர் பட்டம் கிடைத்தது. 1971இல் ஓய்வு பெற்றார். அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின், 1973இல், எண்ணெய் நெருக்கடி வந்து உலகமே சிறு காரைத் தேடியது.

மணம் செய்யாத அவர் 1972இல் தாய் இறக்கும்வரை அவருடனேயே வாழ்ந்தார். 1988 ஒக்டோபர் 2ஆம் நாள் பேர்மிங்ஹாமில் காலமானார். 53 இலட்சத்துக்கும் அதிகமாக உற்பத்தியான மினியின் கடைசி வண்டி 2000 ஒக்டோபரில் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையிலிருந்து வெளியேறியது. லோர்ட் நிபந்தனையாக விதித்த அந்தப் பழைய இயந்திரத்தின் வழிவந்ததே அப்போதும் அதன் முன்பக்கத்தில் குறுக்காகப் பொருத்தப்பட்டிருந்தது.