வ. உ. சிதம்பரனாரின் கப்பல் வாணிகம்

வாணிகம் தொடங்குவார்க்கு முதல் வேண்டும் என்பதை யாவரும் அறிவர். அம்முதலினும் இன்றியமையாதது மாந்தரின் நம்பிக்கையாம். அந்நம்பிக்கையை ஊர்தோறும் சென்று திரட்டி, அதனைக்கொண்டே கடலிற் கப்பல் விட்ட பெரியார் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள். நாட்டுத் தொண்டர் என்று அவரை அறிந்த நம் மாணவர், வாணிகர் என்ற முறையிலும் அறிந்துகொள்ளுதல் நன்று.

அவர் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். தூத்துக்குடியில் மிஷன் பள்ளியாகிய கால்டுவெல் உயர்நிலைப் பள்ளியிலும் பயின்றார். தந்தையாரைப் போலவே வக்கீல் தொழிலை மேற்கொண்டு, 1900-ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்குக் குடியேறினார்.

முத்துக்குளித்துறை என்று நெடுநாளாகப் பெயர்பெற்ற இக்கடற்கரையில் அந்நாளைத் துறைமுகம் ஆழமற்றது. பெருங்கப்பல்கள் சில மைல் அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களும் மூட்டைகளும் தோணியிற் சென்று ஏறுதல் வேண்டும். கொழும்புக்குத் தோட்டத் தொழிலாளரும் வணிகரும் ஓயாது சென்று வந்தனர். அப்போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியார் கைப்பட்டிருந்தது. கட்டணம் செலுத்துவோர் நம்மவர். ஊதியம் கொள்வோர் பிறர். இந்நிலையை மாற்றக் கருதினார் சிதம்பரனார்.

அவர் உடனே கப்பலை நாடிச் செல்லவில்லை என்பது கருதத்தக்கது. சுதேசிப் பிரசார சபை, தருமசங்க நெசவுச் சாலை, தேசியப் பண்டகசாலை ஆகியவற்றை முதற்கண் நிறுவினார். உள்நாட்டுப் பொருளை வாங்கும் மனம் மக்களிடம் உண்டான பின்னரே பெருமுயற்சியில் இறங்கினார். 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பெற்றது. மூலதனம் ரூ. 10 இலட்சம், பங்குகள் 40,000, பங்கு ஒன்றின் விலை ரூ. 25. மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவராக அமர்ந்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் ரூ. 2 இலட்சத்துக்கு 8,000 பங்குகள் எடுத்துச் செயலாளரானார். சிதம்பரனார் உதவிச் செயலாளராக நின்று உழைத்தார். சிறுதொகைப் பங்கு வைத்தமையால் நடுத்தர மக்களும் உரிமையாளராக இயன்றது. பங்கு எடுத்தவர் ஒவ்வொருவரும் கம்பெனிக்கு வாய்மொழி விளம்பரமும் ஆயினர். பாரதியாரின் 'இந்தியா' பத்திரிகையும் இம்முயற்சிக்குத் துணை நின்றது.

முதலில் கப்பல்கள் வாடகைக்கு எடுக்கப்பட்டன. போட்டியாளரின் நெருக்குதலால் அவை திரும்பப் பெறப்பட்டன. மகன் நோயுற்றிருந்தும், மனைவியார் கருவுற்றிருந்தும், கப்பலின்றித் திரும்புவதில்லை என்ற உறுதியுடன் சிதம்பரனார் பம்பாய் சென்றார். 1907-ஆம் ஆண்டில் 'காலியா', 'லாவோ' என்னும் கப்பல்கள் வந்து சேர்ந்தன. 'காலியா' 1,300 சாதாரணப் பிரயாணிகளையும் 4,000 மூட்டைகளையும் ஏற்கவல்லது.

இதன்பின் மூண்டது கட்டணப் போர். வெள்ளையர் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. அவர்களோ இலவசமாகவே ஏற்றிச் சென்றதுடன் குடையும் கொடுத்தனர் என்பர். பெருமுதல் உடையார் நட்டத்தைப் பல ஆண்டுகள் பொறுப்பர். சிறுமுதல் உடையார்க்கு அது கூடுமோ? கூலி தேடிக் கடல் கடக்கும் ஏழை, எட்டணா மிச்சமாவதை நாடினால் அவனைக் குறைகூறலும் ஆகாது. அங்ஙனமிருந்தும் பலர் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறினர். இதனினும் சிறந்த நற்சான்று எந்த வாணிகத்துக்கும் வாய்த்தல் அரிது.

1908-ஆம் ஆண்டில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்ற சிதம்பரனார், மார்ச்சு 12-ஆம் நாள் சிறைப்பட்டார். சூலைத் திங்களில் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்தார். அவரில்லாக் கம்பெனி தளர்ந்து 1911-ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டது. 'காலியா' கப்பல் போட்டிக் கம்பெனிக்கே விலைபோயிற்று. பலருடைய பொருளால் எழுந்த நிலையம் ஒருவருடைய தோளிலேயே நின்றமை அதன் குறை எனலாம்.

1912-ஆம் ஆண்டு டிசம்பரில் விடுதலையானவர், வக்கீல் உரிமை இழந்து, வறுமையில் உழன்றார். வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதி அவ்வுரிமையை மீட்டளித்தார். அந்நன்றி மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். தமிழிலும் தோய்ந்து, தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார். 1936-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் தூத்துக்குடியில் உயிர் நீத்தார். 2011-ஆம் ஆண்டு முதல் அத்துறைமுகம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

கணக்கேட்டின்படி நோக்குவார்க்கு அவர் தோற்றவராகத் தோன்றுவர். ஆயினும், தொழில் தொடங்கக் கருதும் நம் தோழர்கள் அவரிடம் கற்பன பல. வாங்குவோரை முதலில் அறிதல், சிறியாரையும் பங்காளராக்குதல், சொன்ன சொல்லுக்குத் தம்மையே ஈடுவைத்தல் என்பன அவை. அவற்றோடு, தாம் இல்லாத காலத்தும் தொழில் நடைபெற ஆட்களைப் பயிற்றுதலையும் சேர்த்துக்கொள்வோமாக. அவர் விட்ட கப்பல் கரைசேராவிடினும், அது சென்ற வழி நம் கண்முன் தெளிவாக உள்ளது.