வில்லியம் வாரன்

வட அமெரிக்காவிலுள்ள ஸுப்பீரியர் என்னும் பேரேரியின் தென்கரையை அடுத்து மாடலின் என்றொரு தீவு உண்டு. அத்தீவிலுள்ள லா பாயின்ட் என்னும் ஊரில் 1825-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் நாள் வில்லியம் விப்பிள் வாரன் பிறந்தார். அவர்தம் தந்தையார் லைமன் வாரன், நியூ இங்கிலாந்திலிருந்து வந்து மென்மயிர்த்தோல் வாணிகம் புரிந்தவர். தாயார் மேரி, பிரெஞ்சுக் குருதியும் ஒஜிப்வே குருதியும் கலந்த கடோட் குடும்பத்துப் பெண்மணி. ஒஜிப்வே என்று பிறர் வழங்கும் மக்கள் தம் மொழியில் தம்மை அனிஷினாபே என்பர்.

வாரன் இளமையில் மிஷன் பாடசாலையிற் பயின்றார். 1836-இல் பாட்டனார் அவரை நியூயார்க் நாட்டிற்கு அழைத்துச் சென்று மேலும் கற்பித்தார். கல்வி முடித்துத் திரும்பியவர் இருமொழி வல்லுநராய், அரசாங்கத்தாருக்கும் ஒஜிப்வே மக்களுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராய் அமர்ந்தார்.

அம்மக்களின் சரித்திரம் அக்காலத்தில் பெரும்பாலும் அச்சேறியிருக்கவில்லை. முதியோரின் நினைவே நூல்நிலையம். கீழ்க்கடற்கரையினின்றும் முன்னோர் மேற்கே பெயர்ந்த வரலாறு, கொக்கு, கரடி முதலிய குலங்களின் தோற்றம், டக்கோட்டா மக்களுடன் நிகழ்ந்த போர்கள் ஆகிய யாவும் வாய்மொழியாகவே வந்தன. புராணக் கதைகளைக் குளிர்காலத்திலன்றிக் கூறுதல் மரபன்று. முதியோரிடம் அறிவு வேண்டிச் செல்வோர் புகையிலையைக் காணிக்கையாக வைத்தே கேட்பர். வாரனோ மற்றொரு காணிக்கையும் கொண்டு சென்றார்: அராபிய இரவுக் கதைகளை ஒஜிப்வே மொழியிற் சுவைபடச் சொல்வார், கேட்டு மகிழ்ந்த கிழவர்கள் தம் கதைகளைக் கைம்மாறாக அளிப்பார்கள். இஃது எத்துணை இனிய பண்டமாற்று!

கொக்குக் குலத் தலைவர் துக்வாகவ்னே என்பார் வாரனின் தாய்க்குத் தாய்மாமன். அவர் வட்டமானதொரு செப்புத் தகட்டை மண்ணிற் புதைத்துக் காத்து வந்தார். எவர்க்கும் எளிதிற் காட்டமாட்டார். 1842-இல் வாரனின் தாய் மன்றாடிக் கேட்டமையால் அதனை வெளியே எடுத்தார். அதன்மீது ஆழமான எட்டு வெட்டுகள் இருந்தன. லா பாயின்ட்டில் முதன்முதல் நெருப்பேற்றிக் குடியேறிய காலந்தொட்டு மறைந்த எட்டுத் தலைமுறையினரை அவை குறித்தன. மூன்றாம் வெட்டிற்கு நேரே தொப்பி அணிந்த மனிதன் உருவம் ஒன்று. வெள்ளையர் முதன்முதல் வந்த காலத்திற்கு அதுவே அடையாளம். தலைமுறைக்கு நாற்பது ஆண்டென வாரன் கணக்கிட்டார். அக்கணக்குச் சற்று மிகையே. ஆயினும் எழுத்தின்றியும் காலத்தை அளந்து வைத்த அத்தகட்டின் அருமை அதனாற் குறைவதன்று.

1850-ஆம் ஆண்டு பெருந்துயரம் விளைந்தது. ஒஜிப்வே மக்களை மேற்கே பெயர்க்க எண்ணிய அதிகாரிகள், ஆண்டுதோறும் லா பாயின்ட்டில் அளித்து வந்த உடன்படிக்கைத் தொகையைத் தொலைவிலுள்ள ஸாண்டி ஏரியிற் பெற்றுக்கொள்ளுமாறு பணித்தனர். மக்கள் இலையுதிர் காலத்தில் அங்கே சென்று காத்திருந்தனர். பணமும் உணவும் காலத்தில் வரவில்லை. வந்த உணவும் கெட்டிருந்தது. அங்கும், பனியில் வீடு திரும்பிய வழியிலுமாக ஏறத்தாழ 400 பேர் மாண்டனர். மக்களைப் பெயர்க்கும் முயற்சியில் வாரனும் அரசாங்கத்தாருக்கு ஊழியம் புரிந்தவர் என்பதை மறைத்தற்கில்லை. இருதிறத்தாருக்கும் உறவினராய் நின்றவரின் இடர் அத்தகையது.

1851-இல் அவர் மின்னஸோட்டாப் பிரதேச சட்டசபையில் உறுப்பினராயிருந்தார். அப்பொழுதே க்ஷயரோகம் அவரைப் பற்றியிருந்தது. முதியோர் ஒருவர்பின் ஒருவராய் மறைவதைக் கண்டவர், தம் நாளும் குறுகுவதை உணர்ந்து விரைந்து எழுதினார். ஓரூர்க் கிழவர் சொன்னதை வேற்றூர்க் கிழவர் சொன்னதோடு ஒப்பிட்டே ஏற்றுக்கொண்டார். இஸ்ரவேலரோடு தம் மக்களைத் தொடர்புபடுத்த முயன்ற பகுதி இன்று நிற்காது. கிழவர்கள் வாயாற் கேட்ட பகுதிகளோ நிற்கின்றன.

கையெழுத்துப் பிரதியுடன் 1852-53 குளிர்காலத்தில் நியூயார்க் சென்றார், அச்சிடுவார் கிடைத்திலர், வைத்தியமும் பலிக்கவில்லை. திரும்பும் வழியில், செயின்ட் பால் நகரில் சகோதரி இல்லத்தில், 1853 ஜூன் 1-ஆம் நாள் இரத்தங் கக்கி உயிர் நீத்தார். வயது இருபத்தெட்டு. 32 ஆண்டுகள் கழித்து, 1885-இல், மின்னஸோட்டாச் சரித்திரச் சங்கத்தார் அந்நூலை வெளியிட்டனர். அம்மக்களின் வழக்கங்களையும் நம்பிக்கைகளையும் பற்றி வேறொரு நூல் எழுதவும் அவர் எண்ணியிருந்தார். அது எழுதப்படவே இல்லை.